டர்ன்டேபிள் மோட்டாருக்கு மின்வழங்கி: நிலைப்படுத்த வேண்டியது எது?

இசைத்தட்டில் சுருதி லேசாக விலகுகிறது என்ற ஐயம் வந்ததும் பலர் முதலில் வாங்குவது ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசரைத்தான். மின்னழுத்தம் சீரானால் மோட்டாரும் சீராகச் சுழலும் என்ற கணக்கு கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் டர்ன்டேபிளுக்குள் இருப்பது எந்த வகை மோட்டார் என்று பார்க்காமல் போடும் கணக்கு அது. சில மோட்டார்களின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. சிலவற்றின் வேகம் அதிர்வெண்ணை மட்டுமே பொறுத்தது. வேறு சில இரண்டையும் பொருட்படுத்தாமல் தமக்குள் சீராக அதிரும் குவார்ட்ஸ் படிகத்துக்கு மட்டும் கட்டுப்படுகின்றன. சந்தையில் ‘டர்ன்டேபிள் பவர் சப்ளை’ என்ற பொதுப் பெயரில் கிடைக்கும் பலவகைக் கருவிகளை, எந்த மோட்டாருக்கு எது உண்மையில் உதவும் என்ற ஒரே கேள்வியை முன்வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

பெல்ட்டால் இயங்கும் டர்ன்டேபிள்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது சிங்க்ரனஸ் மோட்டார். இதன் வேகம், மின்சாரத்தின் அதிர்வெண்ணை 120ஆல் பெருக்கி, மோட்டாரின் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. 24 துருவங்கள் கொண்ட மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்றும், 60 ஹெர்ட்ஸில் 300 சுற்றும் சுழலும். 50 ஹெர்ட்ஸுக்கான மாதிரியில் அந்த 250 சுற்றை 7.5 மடங்கு குறைத்து, எல்பி தட்டுக்கு வேண்டிய 33⅓ ஆக்குவது புல்லியின் (மோட்டார் அச்சில் பெல்ட்டைத் தாங்கும் சிறு சக்கரத்தின்) வேலை. மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தாலும் இந்த மோட்டார் தன் வேகத்தை விடாது. அதன் இழுவிசைதான் குறையும். அதிர்வெண் மாறினால் மட்டும் அதே விகிதத்தில் வேகமும் மாறிவிடும். 50 ஹெர்ட்ஸ் 49.5 ஆகக் குறைந்தால் வேகம் ஒரு சதவீதம் குறைகிறது; அரைச்சுரம் ஒன்றை நூறு சென்ட்டுகளாகப் பகுத்தால், சுருதி ஏறத்தாழ 17 சென்ட் கீழே இறங்கியிருக்கும். தட்டுடன் சேர்ந்து வாசித்துப் பழகும் இசைக்கலைஞருக்கு இது உடனே உறுத்தும்; கேட்பதோடு நிற்பவர்களில் பலர் கவனிக்காமலே போகக்கூடும். 0.1 ஹெர்ட்ஸ் விலகல் என்றால் மூன்றரை சென்ட். அதற்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. சிறிய மின்தொகுப்பையோ ஜெனரேட்டரையோ நம்பி இருப்பவர்களின் நிலை வேறு; அங்கே அதிர்வெண் கூடுதலாக அலையும்.

இதிலிருந்தே ஸ்டெபிலைசரைப் பற்றிய தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. அது அதிர்வெண்ணைத் தொடுவதே இல்லை. உள்ளே வந்த அதிர்வெண் அப்படியே வெளியே போகிறது. ரிலே வகை ஸ்டெபிலைசர் படிப்படியாக அழுத்தத்தை மாற்றுவதால், ரிலே ‘டிக்’ என்று விழும்போதெல்லாம் அந்தத் துடிப்பு போனோ பெருக்கியில் (ஊசி தரும் நுண்ணிய மின்சைகையைப் பெருக்கும் கருவியில்) கேட்பதற்கும் வாய்ப்புண்டு. சிங்க்ரனஸ் மோட்டாருக்கு இதை வாங்குவது வீண்செலவு. பழைய கேரார்டு 301 (1954), தோரன்ஸ் டிடி 124 (1957) போன்றவற்றில் உள்ள தூண்டல் மோட்டாருக்கு மட்டும் இதனால் ஓரளவு பயன் உண்டு. தூண்டல் மோட்டார் எப்போதும் அதிர்வெண் விதிக்கும் வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். அந்தப் பின்னடைவு மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். அவ்விரு கருவிகளிலும் வேகத்தை நுட்பமாகத் திருத்தக் காந்தத் தடுப்பு ஒன்றை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்துப் பலரும் கேட்பது யூபிஎஸ் பற்றி. மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலையும், ‘மாற்றியமைத்த சைன்’ என்ற பெயரில் வரும் படிக்கட்டு அலையும் இந்த மோட்டாருக்கு ஒத்துவரா. சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு மூன்றாம் இசைமம் (மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட துணை அலை) கலந்திருக்கிறது. அது தட்டைச் சுழற்ற உதவாமல் மோட்டாரைச் சூடாக்கவும் அதிரவைக்கவும் மட்டுமே செய்யும். வழுவழுப்பாக ஏறி இறங்கும் தூய சைன் அலையைத் தரும் ‘ஆன்லைன்’ யூபிஎஸ் இதைவிட மேல்தான். ஆனால் விற்பனையாளர்கள் சொல்லாத ஒரு செய்தி உண்டு. மின்சாரத்தை நேர்மின்னாக்கி மீண்டும் மாறுமின்னாக்கும் இக்கருவிகளிற்கூடப் பெரும்பாலானவை, வரும் மின்சாரத்தின் அதிர்வெண் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை தம் வெளியீட்டை அதனோடு இசைத்தே வைத்துக்கொள்கின்றன. அவசரத்தில் நேரடி மின்சாரத்துக்குத் தாவ வேண்டியிருந்தால் தடங்கலின்றித் தாவுவதற்கான ஏற்பாடு அது. எனவே அதிர்வெண்ணைப் பூட்டிவைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அப்படியே இருந்தாலும், சில வாட் மட்டுமே இழுக்கும் மோட்டாருக்காகக் கேட்கும் அறையில் ஒரு மின்விசிறி சதா இரைந்துகொண்டிருப்பதை நான் விரும்பமாட்டேன்.

சிங்க்ரனஸ் மோட்டாருக்கு உரிய கருவி, தனக்கென ஒரு குவார்ட்ஸ் படிகத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து சைன் அலையைப் புதிதாக உண்டாக்கித் தரும் மின்வழங்கிதான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் இதற்கு வெறும் எரிபொருள். அதன் அதிர்வெண் என்னவாக இருந்தாலும் வெளியீட்டில் தெரியாது. சாதாரணப் படிகத்தின் பிழை பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்று வைத்துக்கொண்டாலும் அது 0.005 சதவீதம்தான், எந்தக் காதும் பிடிக்க முடியாத அளவு. ஆகையால் வெப்பம் காக்கும் அடுப்புக்குள் வைத்த படிகம், அதைவிட உயர்ந்த கடிகாரம் என்றெல்லாம் சொல்லி விலையைக் கூட்டும் விளம்பரங்களைத் தாராளமாகப் புறக்கணிக்கலாம். அந்தப் பணம் இதே கருவியின் வேறு இரண்டு பகுதிகளுக்குப் போக வேண்டும்: அதிர்வெண்ணை நுட்பமாக மாற்றும் வசதிக்கு ஒன்று, கட்டக் கோணத்தை, அதாவது மோட்டாரின் இரு சுருள்களில் பாயும் மின்னோட்டங்களுக்கு இடையிலான முன்பின் அளவைத் திருத்தும் வசதிக்கு மற்றொன்று.

முதலாவது ஏன் தேவை? புல்லி என்பது கடைந்தெடுத்த ஒரு சிறு உலோகத் துண்டு. அதன் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், கடைசலில் 0.1 மில்லிமீட்டர் கூடினாலே வேகம் அரை சதவீதம் கூடிவிடும். பெல்ட்டின் கனமும் கணக்கில் சேர்வதால், புதிய பெல்ட் மாட்டியதும் டர்ன்டேபிள் சற்று விரைந்து ஓடுவது உண்டு. அதிர்வெண்ணைக் கச்சிதமாக 50இல் பூட்டிவிட்ட கருவி இத்தகைய நிலையான பிழையை நிலையாகவே வைத்திருக்கும். அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய இயலாது. 49.8 என்றோ 50.15 என்றோ அமைத்துக்கொள்ள இடம் தரும் கருவிதான் பிழையைத் தீர்க்கும். இங்கே படிநிலை எவ்வளவு சிறியது என்பதும் முக்கியம்: 0.1 ஹெர்ட்ஸ் படியில் நகரும் கருவி வேகத்தை 0.2 சதவீதத் தாவல்களில்தான் மாற்றும், 0.01 ஹெர்ட்ஸ் படி இருந்தால் போதும், அதற்குக் கீழே போக வேண்டியதில்லை.

இரண்டாவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மின்வழங்கியை மாற்றியவர்கள் ‘இசை அமைதியானது’ என்று வியப்பதற்கு வேகத்தைவிட இதுதான் காரணம் என்று கருதுகிறேன். இந்தச் சிறு மோட்டார்களில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் பாயும் மின்னோட்டம் மற்றொன்றுக்கு 90 பாகை முன்பின்னாக இருந்தால், உள்ளே காந்தப்புலம் வழுக்கிக்கொண்டே சுற்றிவரும். சாதாரண அமைப்பில் இந்த 90 பாகையை ஒரு கெப்பாசிட்டர் தோராயமாகத் தருகிறது. அதன் மதிப்பு தயாரிப்பிலேயே சில சதவீதம் விலகியிருக்கும், வயதாக ஆக மேலும் விலகும். கோணம் பிசகினாலோ, இரு சுருள்களிலும் மின்னோட்டம் சமமாக இல்லாவிட்டாலோ, சுழலும் புலம் சீராக இராமல் ஒரு சுழற்சிக்கு இருமுறை துள்ளும். 50 ஹெர்ட்ஸில் அது 100 ஹெர்ட்ஸ் அதிர்வாக மோட்டாரின் உடலில் வெளிப்படும். தட்டில் குறைத்துப் பதிந்த தாழ் ஒலிகளைப் போனோ பெருக்கியில் மீண்டும் உயர்த்தும் ஆர்ஐஏஏ ஈடுசெய்தலோ ஆயிரம் ஹெர்ட்ஸோடு ஒப்பிட 100 ஹெர்ட்ஸை 13 டெசிபல் தூக்கிக் கொடுக்கிறது. எனவே மோட்டாரில் விரலுக்கு மட்டும் தெரியும் நடுக்கம், ஒலிபெருக்கியில் மெல்லிய ரீங்காரமாக வந்து சேர்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நின்றிருக்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கி, ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி மோட்டாரை மட்டும் ஓடவிட வேண்டும். கேட்கும் இரைச்சலை மனத்தில் வைத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தினால், எது மறைகிறதோ அது மோட்டார் தந்தது. எது எஞ்சுகிறதோ அது மின்வழி வந்த ஹம். இரு சுருள்களுக்கும் உரிய வெளியீடுகளைத் தனித்தனியே உண்டாக்கித் தரும் மின்வழங்கியில், மோட்டாரை இந்நிலையில் ஓடவிட்டுக் கட்டக் கோணத்தை ஒவ்வொரு பாகையாக நகர்த்தும்போது நடப்பதைக் கேட்க வேண்டும். 84, 85 என்று ஏறுகையில் ரீங்காரம் மெலிந்துகொண்டே வந்து, ஏதோ ஓரிடத்தில் சட்டென்று அடங்கி, இரண்டு பாகை தாண்டியதும் மறுபடி தலைகாட்டுகிறது. நான் பயன்படுத்தும் மோட்டாரில் அந்த இடம் 90 அன்று, அதற்குச் சற்றுக் கீழே. சுருள்கள் இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல இல்லாததுதான் காரணம். அடுத்து ஒரு சுருளின் அழுத்தத்தை மட்டும் சிறிது குறைத்தால் எஞ்சிய முணுமுணுப்பும் குறைகிறது. மோட்டார் உறையின்மேல் வைத்த விரல்நுனிக்கு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று ஐயம் வரும் அளவுக்கு இதைக் கொண்டுவர முடியும். ஒரே ஒரு வெளியீட்டைத் தந்து, கோணத்தைப் பழைய கெப்பாசிட்டரின் பொறுப்பிலேயே விட்டுவிடும் மின்வழங்கிகளால் இது ஆகாது. அதனால்தான் இரு கட்ட வெளியீட்டுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன். மோட்டாரின் வயரிங்கைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும் என்பது அதன் குறை.

ஓடத் தொடங்கிய பின் அழுத்தத்தைக் குறைக்கும் வசதியும் இதே வகையைச் சேர்ந்தது. கனமான தட்டை நிலையிலிருந்து கிளப்ப முழு இழுவிசையும் வேண்டும். ஓட்டத்துக்கு வந்தபின் அதில் ஒரு பங்கு போதும். குறித்த அழுத்தத்தின் 60, 70 சதவீதத்தில் மோட்டார் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் ஓடுகிறது. அதற்கும் கீழே கொண்டுபோனால், தூரிகையால் தட்டைத் துடைக்கும்போதே மோட்டார் தாளம் தவறிவிடும். ஆகவே தானாகக் குறைக்கும் கருவியில் குறைப்பின் அளவை நாமே தீர்மானிக்க இடம் இருக்க வேண்டும்.

45 சுற்றுக்கு மாறும்போது பெல்ட்டைப் புல்லியின் வேறு படிக்கு மாற்றும் சிரமம் இக்கருவிகளால் தீர்கிறது. 45 என்பது 33⅓இன் 1.35 மடங்கு, ஆகவே 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 67.5 ஹெர்ட்ஸும், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 81 ஹெர்ட்ஸும் தந்தால் போதும். அதிர்வெண் ஏறும்போது சுருளின் மறிப்பும் ஏறுவதால் அழுத்தத்தையும் அதற்கேற்ப உயர்த்தித் தருகிறதா என்று பார்க்க வேண்டும். தராவிட்டால் 45இல் மோட்டார் திணறும். வேறு நாட்டிலிருந்து வந்த டர்ன்டேபிளை வைத்திருப்பவர்களுக்கும் இது பேருதவி. 60 ஹெர்ட்ஸ் புல்லியோடு வந்த கருவி 50 ஹெர்ட்ஸில் 27.8 சுற்றுதான் ஓடும்; மின்மாற்றியால் அழுத்தத்தை மட்டும் சரிசெய்தவர்கள் கேட்டுத் திகைப்பது இதைத்தான்.

எதையும் வாங்கும் முன், இப்போது உள்ள பிழை எவ்வளவு என்று அளந்துகொள்வது நல்லது. அதில் ஒரு பொறி இருக்கிறது. கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் வட்டை வீட்டு விளக்கொளியில் பார்ப்பது பழைய முறை. 50 ஹெர்ட்ஸில் விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டுகிறது, 33⅓ சுற்றில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகிறது; எனவே 180 கோடுகள். இங்கே விளக்கும் சிங்க்ரனஸ் மோட்டாரும் ஒரே மின்சாரத்தில் ஓடுவதால், அதிர்வெண் சரியும்போது இரண்டும் சேர்ந்தே சரியும். கோடுகள் அசையாமல் நின்று, எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும். புல்லியின் பிழையை மட்டுமே இம்முறை காட்டிக்கொடுக்கும். 45 சுற்றுக்கு 133⅓ கோடுகள் தேவைப்பட, முழு எண்ணாக 133 கோடுகளையே அச்சிட முடிவதால், கோடுகள் நிற்கும்போது உண்மையான வேகம் 45.11 ஆக இருக்கும் என்பது தனிக் கதை. இன்றைய எல்ஈடி விளக்குகள் பலவும் இப்படிச் சிமிட்டுவதே இல்லை. குவார்ட்ஸால் இயங்கும் ஸ்ட்ரோப் டார்ச்சோ, 3150 ஹெர்ட்ஸ் தொனி பதிந்த சோதனைத் தட்டோதான் நம்பத்தக்கவை. 3150 ஹெர்ட்ஸில் ஒரு சதவீதம் என்பது 31.5 ஹெர்ட்ஸ், கைபேசிச் செயலிகளே அதைத் துல்லியமாகப் படித்துவிடும். கைபேசியையே தட்டின்மேல் வைத்துச் சுழற்றும் செயலிகள் வேகம் ஏறி இறங்குவதைக் காட்ட உதவும். அவை சொல்லும் சராசரி வேகத்தை நான் ஏற்பதில்லை.

அளக்கும்போது இன்னொன்றும் புலப்படும். நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகிய இசைத்தட்டு, மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தொலைவில் அரை சதவீதம் ஏறி, அரை சதவீதம் இறங்கும், 1.8 நொடிக்கு ஒருமுறை இந்த அலை வரும். பியானோவின் நீண்ட ஒலியில் இது தெளிவாகக் கேட்கும். எந்த மின்வழங்கியாலும் இதைத் திருத்த முடியாது. தட்டை மாற்றிக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

நேர்மின் மோட்டார்களுக்கு வருவோம். இவற்றில் வேகம் மின்னழுத்தத்தைப் பின்தொடர்கிறது. சுமை கூடினாலும், சுருள் சூடேறினாலும் நகர்கிறது. ஆகவே இங்கே அழுத்தத்தை நிலைப்படுத்துவது பொருளுள்ள வேலை. ஆனால் இத்தகைய பல டர்ன்டேபிள்களில் மோட்டாருக்குள்ளேயோ பக்கத்துப் பலகையிலேயோ வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 33, 45 என இரண்டு சிறு திருகுகள் இருந்தால் அதுவே அடையாளம். அதற்கு முன்னால் விலையுயர்ந்த அடாப்டரை மாட்டுவதால் வேகத்தில் கிடைக்கும் முன்னேற்றம் சொற்பம். கிடைக்கக்கூடிய நன்மை வேறு: மலிவான ஸ்விட்ச்சிங் அடாப்டர் கசியவிடும் உயர் அதிர்வெண் இரைச்சல் போனோ பெருக்கிக்குள் நுழையாமல் இருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டுக் கையால் தட்டைச் சுழற்றி ஊசியை வைத்துக் கேட்டால் வேறுபாடு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். வேறுபாடு இருந்தால், அதே வோல்ட்டில் மின்மாற்றியும் எல்எம்317 போன்ற ரெகுலேட்டரும் கொண்ட எளிய லீனியர் மின்வழங்கியே போதும்.

பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் நேரியக்க டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவை அடியோடு மறந்துவிடலாம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 1979இல் வந்தபோதே அதன் வேகம் குவார்ட்ஸோடு பூட்டப்பட்டிருந்தது. சுவர் மின்சாரத்தின் அதிர்வெண் அதற்கு ஒரு பொருட்டே அன்று.

பெயர் பெற்ற கருவிகளில், லின் நிறுவனம் தன் எல்பி12 டர்ன்டேபிளுக்காக 1982இல் தந்த வால்ஹல்லா, அதற்குள்ளேயே பொருந்தும் குவார்ட்ஸ் பலகை. 1990இல் வந்த லிங்கோ தனிப் பெட்டியாகி, 45க்கு மின்னணு முறையில் மாறவும் வழி செய்தது. 2009இல் வந்த ராடிக்கல் மோட்டாரையே நேர்மின் வகைக்கு மாற்றிவிட்டது. ஒரே கருவிக்கு ஒரே நிறுவனம் இரு பாதைகளிலும் தீர்வு தேடியதை இதில் காணலாம். ரேகாவின் நியோ, அந்நிறுவனத்தின் 24 வோல்ட் மோட்டார்களுக்கு உரியது. வேகத்தை நுட்பமாகத் திருத்தவும் பொத்தானால் மாற்றவும் இடம் தருகிறது. இவ்வாறு குறிப்பிட்ட மோட்டாருக்கென்றே செய்த மின்வழங்கி கிடைக்குமானால், பொதுப்பயன் கருவியைவிட அதையே முதலில் பரிந்துரைப்பேன். அழுத்தமும் இணைப்பும் ஏற்கெனவே பொருத்தமாக இருக்கும். பழையதாக வாங்கினால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டுப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

தாமே செய்ய முனைவோருக்கு ஒரு குறிப்பு. ஏடி9833 என்ற சிப்பைக் கொண்டு அலையை உண்டாக்குவது பலர் விரும்பும் வழி. 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதன் மிகச் சிறிய படி 0.1 ஹெர்ட்ஸ், முன்னே சொன்ன கணக்கில் அது போதாது. கடிகாரத்தை 1 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் படி 0.004 ஆகிவிடும். பெருக்கிய அலையை ஒரு சாதாரண மின்மாற்றியைத் தலைகீழாகப் பயன்படுத்தி உயர்த்தும்போது, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அழுத்தமே கிடைக்கும்; இழப்பை ஈடுகட்டச் சேர்த்திருக்கும் கம்பிச் சுற்றுகள் தலைகீழ் இணைப்பில் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. வெளிவருவது சுவர் மின்சாரத்துக்கு நிகரான ஆபத்துடைய மின்னழுத்தம் என்பதை மறக்கக் கூடாது. மூடிய உறையும் ஃப்யூஸும் இல்லாமல் இயக்கவே கூடாது.

எந்தப் பெட்டியானாலும் அதில் மின்மாற்றி இருந்தால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து விலக்கி வையுங்கள். மின்மாற்றியின் சிதறல் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், இடைவெளியை இரு மடங்காக்கினால் ஹம் எட்டில் ஒரு பங்காகும். மூவிங் காயில் (நகரும் சுருள்) வகைக் கார்ட்ரிட்ஜின் வெளியீடு அரை மில்லிவோல்ட் அளவே என்பதால், அதை வைத்திருப்பவர்கள் மின்வழங்கியை அலமாரிக் கீழ்த்தட்டின் எதிர்மூலைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கடைசியாக, டர்ன்டேபிளின் சுழல்தட்டின் அடியில் ஒட்டிய காந்தத்தைக் கொண்டு ஒவ்வொரு சுற்றையும் அளந்து, அதிர்வெண்ணைத் தானே சிறிது சிறிதாகத் திருத்தும் டாக்கோமீட்டர் இணைந்த மின்வழங்கிகள். அரை மணி ஓடியபின் தாங்கியின் எண்ணெய் இளகுவது, பெல்ட் தளர்வது போன்ற மெதுவான நகர்வுகளை இவை பிடித்துவிடுகின்றன. சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பை மட்டும் அளப்பதால், ஒரு சுற்றுக்குள் நிகழும் ஏற்ற இறக்கத்தை இவை காண்பதில்லை. விளம்பரத்தில் அப்படி ஒரு வாக்குறுதி இருந்தால் நம்ப வேண்டாம். புதிய பெல்ட் மாட்டி, எண்ணெய் மாற்றி, அரை மணி ஓடவிட்டு அளந்த பின்னும் வேகம் 0.2 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் இதை வாங்கலாம். நகராவிட்டால், கையால் திருத்தும் இரு கட்ட மின்வழங்கியே போதுமானது.